கனகலட்சுமி தொட்ட சேனை

சங்கரன்கோவிலில் ஒரு பிள்ளை வாயாடினால், யார் பெற்றது, எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். "இதுக்கு யாருவே சேனை தொட்டது?" என்றுதான் கேட்பார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணியோ தேனோ தொட்டு வைக்கிறார்களே, அதுதான் சேனை. தொட்டு வைத்தவரின் குணம் அப்படியே பிள்ளைக்கு வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் நல்ல குணமுள்ள ஆளாகத் தேடிப் பிடித்து, பிள்ளை பிறக்கும் முன்பே சொல்லி வைத்துவிடுவார்கள்.

கனகலட்சுமிக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மா, சாந்த சொரூபி. அந்தம்மா குளித்து, நல்ல சேலை உடுத்தி, தெருவைக் கடந்து வருவதற்குள் அப்பாவின் தங்கை பேச்சி உள்ளே புகுந்துவிட்டாள். "எங்க அண்ணன் புள்ளைக்கு அசலான் என்னத்தத் தொடுதது?" என்று சீனித்தண்ணியில் விரலை முக்கி வைத்தும் விட்டாள். பேச்சி குழாயடிக்கு வந்தால் வரிசையில் நிற்கும் குடங்கள் தாமாகவே நகர்ந்து வழிவிடும் என்பது அந்தத் தெருவில் பிரசித்தம். போதாக்குறைக்கு வீட்டுக்குள்ளேயே விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றினால்தான் கேட்ட சோறு தட்டுக்கு வரும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பெண்பிள்ளையை என்ன பாடு படுத்துமோ அதைப் படுத்தின. கனகலட்சுமி மெதுவாகப் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும்.

அப்படிப்பட்டவள் நர்சிங் படித்து, கழுகுமலை ரோட்டில் இருக்கும் நல்லம்மாள் நினைவுப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இப்போது தாய்-சேய் வார்டுக்கே பொறுப்பு சிஸ்டர். அவள் வாழ்க்கையின் ஒரே சண்டை எதனோடு என்கிறீர்கள்? சேனையோடுதான். பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு பொட்டு எதுவும் வாயில் படக்கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். சட்டம் எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும்தான் ஒட்டியிருக்கிறது. ஆனால் கனகலட்சுமி அதைச் சுவரில் விட்டு வைக்கவில்லை.

ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சீனியைக் கைக்குட்டை முனையில் முடிந்து கொண்டு வந்தார்கள். தேனை மூக்குப்பொடி டப்பாவில் கொண்டு வந்தார்கள். ஒரு தாய்மாமன் கழுதைப்பாலைக் காபி பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்து, "எனக்குத்தான் சிஸ்டர், சளி" என்றான். "அப்ப குடிங்க, நான் பாக்கேன்" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பாவம், குடித்தான். வார்டுக்குள் நுழைகிற மாமியார்களின் ஆள்காட்டி விரலை வாங்கி மோந்து பார்ப்பாள். தேன் வாசமடித்தால் தீர்ந்தது கதை. அவளுக்கு ‘மூக்கு சிஸ்டர்’ என்று பெயர் வைத்தது வாசலில் நிற்கும் வாட்ச்மேன் பிச்சையாதான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவருக்குக் காபி வாங்கிக் கொடுப்பாள்.

இத்தனை கெடுபிடியும் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டில் தேன் தொட்டு வைத்த பிள்ளை ஒன்று கைகால் துவண்டு, பால் குடிக்கத் தெம்பில்லாமல் திரும்பி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனபோது அதை மடியில் வைத்திருந்தவள் கனகலட்சுமி. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தத் துணி மாதிரிக் கிடந்த கனம் மட்டும் அவள் மடியை விட்டுப் போகவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கடையநல்லூரிலிருந்து ஷாஹின் பானு வந்து சேர்ந்தாள். புருஷன் முகம்மது ரியாஸ் சவூதியில். நாள் நெருங்கும் முன்பே வலி வந்து, பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோவுக்கும் கீழே. தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, அந்தச் சூட்டிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டிய பிள்ளை. வார்டை விட்டு வெளியே எடுக்கக்கூடாது. ஷாஹினோ வாயே திறக்காத பெண். வலியின்போதுகூடக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாளே தவிர, ‘உம்மா’ என்று ஒரு சத்தம் இல்லை. அவள் மாமியார் மீரா பீவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். மாமனார் யாகூப், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிச்சையாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏனென்றால் வார்டுக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை.

முஸ்லிம் வீடுகளில் பிள்ளை பிறந்தால் வீட்டு ஆண் ஒருவர் அதன் காதில் பாங்கு, அதாவது தொழுகைக்கான அழைப்பு, சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் என்றால் நர்சு வாசலுக்கு எடுத்து வருவாள், பெரியவர் குனிந்து சொல்லிவிட்டுப் போவார், ஒரு தொல்லையும் இல்லை. இந்தப் பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவர முடியாது. யாகூப் உள்ளே வர முடியாது. பாங்கு சொன்ன கையோடு பேரீச்சம்பழத்தை மசித்து ஒரு துளி நாக்கில் தடவுவதும் அவர்கள் வழக்கம். ஊர்ப் பேச்சில் அதுவும் சேனைதான். மூக்கு சிஸ்டர் இருக்கிற வார்டில் அதுவும் முடியாது.

அன்றைக்குக் காலையில் எதிர்க்கட்டிலில் ஒரு கூத்து நடந்தது. வாசுதேவநல்லூர்க்காரி பூமாரி, தலைப்பிள்ளைக்காரி. அவள் மாமியார் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளை வாய்க்குக் கொண்டுபோனாள். கனகலட்சுமி கையைப் பிடித்துவிட்டாள். ஆனால் சிரித்துக்கொண்டே பிடித்தாள்.

"மதினி, அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நெத்தியில ஒரு பொட்டு வைங்க. மிச்சத்த மருமவ தலகாணிக்கு அடியில வைங்க. வாய்க்குள்ள மட்டும் போவப்படாது, என்னா?"

மாமியாரும் சிரித்தாள். பூமாரியும் சிரித்தாள். கனகலட்சுமியே அந்த மண்ணில் துளி எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னால் திரும்பினால், மீரா பீவி ஒரு சின்ன டப்பாவிலிருந்து பேரீச்சம்பழத்தை விரலில் வழித்துக்கொண்டு பேத்தி பக்கம் குனிந்துகொண்டிருந்தாள்.

"ஒங்க ஆளுங்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறவே ஏறாதா? இத்துனூண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன வேல பாக்கிய? எல்லாம் இப்படித்தான் இருப்பியளோ?"

பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கிற குரல். மீரா பீவி விரலை முந்தானையில் துடைத்தாள். ஷாஹின் பிள்ளையை அணைத்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதோடு ஷாஹினுக்குப் பால் நின்றுபோனது. காலையில் சொட்டுச் சொட்டாகவாவது வந்துகொண்டிருந்தது; மத்தியானம் பிழிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. சாப்பாட்டையும் தொடவில்லை. மீரா பீவியோ சாமான்களைப் பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். "நாங்க ஊருக்குப் போறோம். காதுல பாங்கு விழாத புள்ளைய இன்னும் எத்தன நாளு போட்டு வச்சிருக்க? அங்கன எங்க மனுசாள் இருக்கு."

டாக்டர் நிர்மலாதேவி கனகலட்சுமியைத் தனியே கூப்பிட்டாள். "இந்த எடையில வெளிய போனா குளிரே போதும் சிஸ்டர், பிள்ள தாங்காது. எப்படியாவது பேசி நிறுத்துங்க."

பேசி நிறுத்துவதா? அதற்கென்றே பிறந்தவள் ஆயிற்றே. கனகலட்சுமி நேரே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எடை, சூடு, பால் என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள். ஷாஹின் சுவரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தாள். குரல் கட்டிலைத் தாண்டவில்லை.

"எனக்குப் போவ இஷ்டமில்ல சிஸ்டர். மாமிகிட்டச் சொல்லத்தான் வாய் வரல. மொத புள்ள பொறந்த அன்னைக்கே மவுத்தாயிருச்சு. பாங்கு சொல்ல ஆளு வாரதுக்குள்ள போயிருச்சு. இதுக்கும் அப்படி ஆயிருமோன்னு பயமா இருக்கு."

கனகலட்சுமி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஷாஹின் இப்போது திரும்பி அவள் நெற்றியைப் பார்த்தாள். காலையில் வைத்த புற்றுமண் பொட்டு அங்கேயே இருந்தது.

"மண்ணுக்கு ஒரு வழி சொன்னீங்க சிஸ்டர். எங்களுக்கு ஒரு வழியும் சொல்லலியே. அந்தம்மா செஞ்சா அந்தம்மா மட்டும் செஞ்ச தப்பு. எங்க மாமி செஞ்சா எங்க ஆளுங்க எல்லாரும் செஞ்சதா?"

கனகலட்சுமிக்கு வாய் அடைத்துப்போனது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததே இல்லை. எழுந்து மருந்து அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கையுறைப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். ‘ஒங்க ஆளுங்க’ என்று சொன்னோமா? சொன்னோம். எப்போது நாக்கில் வந்து உட்கார்ந்தது அது? பேச்சி அத்தை மேல் பழி போட்டுப் பார்த்தாள். ஆகவில்லை. பேச்சி யாரையும் விட்டுவைக்க மாட்டாள், வாஸ்தவம்தான். ஆனால் ஆளுக்கு ஆள் தராசு மாற்ற மாட்டாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அந்நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் பாண்டியராஜன் சாப்பாட்டுக் கேரியரோடு வார்டு வாசலில் வந்து நின்றார். தாலுகா ஆபீஸ் கிளார்க், சாது. அவள் வழக்கம்போல, "குழம்பு சிந்திட்டா?" என்று கேட்கவில்லை. கேரியரைப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அவர் பயந்துவிட்டார். "என்னாச்சு? தொண்ட கட்டிட்டா?"

"ஆமா, கட்டிட்டு," என்றாள் அவள். "ஒரு வழி இருக்கு. பாப்போம்."

டாக்டரிடம் போய், யாகூப்பை உள்ளே விட வேண்டும் என்றாள். நிர்மலாதேவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "ஆம்பளைய வார்டுக்குள்ள விடக்கூடாதுன்னு சண்ட போட்டுச் சட்டம் கொண்டாந்ததே நீங்கதான சிஸ்டர்?"

"நான்தான். அந்தச் சட்டத்துக்கு ஒரு கதவும் வச்சிருக்கணும், வைக்கல. இப்ப வைக்கேன்."

பிறகு கட்டில் கட்டிலாகப் போனாள். "ஒரு பெரியவரு பேத்திக்குப் பாங்கு சொல்ல வாராரு. திரை போட்டிருதேன். ஒங்களுக்குச் சம்மதமா?" என்று ஒவ்வொரு தாயிடமும் தனித்தனியே கேட்டாள். கேட்டதே பெரிய காரியம். இதுவரை அந்த வார்டில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. பூமாரியின் மாமியார் ஒருபடி மேலே போனாள். "எங்க ஊர்ல பிள்ள வீறிட்டு அழுதா பள்ளிவாசல்லதான் ஓதிப் பாப்போம். வந்த கையோட இதுக்கும் ஊதிட்டுப் போகச் சொல்லு தாயி, ராவெல்லாம் தூங்க விடமாட்டேங்கு."

திரைக்குத்தான் பஞ்சம். குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பிகளை எல்லாம் உருட்டி வந்து, பெட்ஷீட்டுகளைக் கட்டிப் பாதை போட்டாள். அந்தப் பாதை வழியாக யாகூப் செருப்பில்லாமல், சத்தமில்லாமல் வந்தார். முதலில் கையைக் கழுவச் சொன்னாள். மனுஷன் தொழுகைக்குக் கழுவுகிற பழக்கத்தில், விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, முழங்கை வரைக்கும் கழுவி நிமிர்ந்தார். கனகலட்சுமி பக்கத்தில் நின்ற புது நர்சைப் பார்த்து, "பாத்துக்க ஏட்டி, இதுக்குப் பேருதான் கை கழுவுதது," என்றாள். வாய் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஷாஹின் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பிள்ளை அவள் நெஞ்சில் கட்டியபடி, தலை மட்டும் தெரிய இருந்தது. யாகூப் குனிந்து அதன் வலது காதருகே பாங்கைச் சொன்னார். ஊருக்கே ஒலிக்கிற பாங்கு ஒரு கொட்டைப்பாக்கு அளவு காதுக்காகச் சின்னதாகி வந்தது. அடுத்த திரைக்குப் பின்னால் பூமாரியின் பிள்ளைகூட அழுகையை நிறுத்தியிருந்தது. ஷாஹினின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. இத்தனை நாள் அடக்கியது எல்லாம் ஒன்றாக வந்தது. மீரா பீவி பையை நழுவவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

யாகூப் வெளியே போய் நின்றதும் கனகலட்சுமி ஷாஹினின் முதுகை நீவிவிட்டாள். பிறகு மெதுவாகப் பிழிந்து பார்த்தாள். வந்தது. மஞ்சள் மஞ்சளாய்ச் சீம்பால். பிள்ளைக்குப் பால் புகட்டும் சின்னப் பாலாடையில் பிடித்துக்கொண்டு மீரா பீவியிடம் திரும்பினாள்.

"மதினி, ஒரு சந்தேகம் கேக்கட்டா? சேனை தொட்டா குணம் வரும்ங்கோம். அந்தக் குணம் எதுல இருக்கு? பழத்துலயா, தொடுத கையிலயா?"

மீரா பீவி யோசித்தாள். "பழத்துல என்ன குணம் இருக்கு? கையிலதான்."

"அப்ப கை ஒங்க வீட்டுக் கையா இருக்கட்டும். உள்ள போறது தாய்ப்பாலா இருக்கட்டும். பாலாடையால ஒரு துளி விடுங்க. அந்தப் பழத்தை ஷாஹின் திங்கட்டும். இன்னைக்கு மத்தியானமும் சாப்பிடல அவ. காலையில நான் பேசுனது தப்பு மதினி. ஒங்ககிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்ல?"

மீரா பீவி பேரீச்சம்பழ டப்பாவைக் கையில் எடுத்தாள். "வாய் பெருசுதான் ஒங்களுக்கு," என்றாள். "ஆனா தப்புன்னு சொல்லவும் வருதே." டப்பாவைத் திறந்து பழத்தை மருமகள் வாயில் ஊட்டினாள். பிறகு திரைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்கன வாங்க. சேனை தொட நீங்கதான். தங்கமான குணம்ன்னு ஊரே சொல்லுதே."

யாகூப் திரும்பி வந்தார். கனகலட்சுமி பாலாடையை நீட்டினாள். அவர் வாங்கப் போகும்போது ஷாஹின், "மாமா," என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"கோவிச்சுக்கிடாதிய மாமா. ஒங்க குணம் தங்கம்தான். ஆனா ஒங்களுக்கு அமைதி இருக்கு. எனக்கும் இருக்கு. மொத தடவ வேற ஆஸ்பத்திரியில, வலி ஒரு மாதிரியா இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. சொல்ல வாய் வரல. சும்மா கெடன்னாங்க, கெடந்தேன். எம் புள்ளைக்கு வாய் வேணும். சிஸ்டர் தொடட்டும்."

அப்புறம் திரைக்குப் பின்னாலிருந்து பூமாரி ‘களுக்’கென்று சிரித்துவிட்டாள். யாகூப்பும் சிரித்தார். "நானும் அதத்தான் நெனச்சேன் மக்கா. நான் வாயில்லாம கெட்டது போதும்."

சேனைக்கு எதிராகவே ஒரு ஆயுசைக் கழித்தவள், சேனை தொடுவதா? இது எங்கேயாவது நடக்குமா? நடந்தது. கனகலட்சுமி போய் மறுபடியும் கையைக் கழுவினாள். யாகூப் கழுவியது போலவே முழங்கை வரை கழுவினாள். இது வெறும் நம்பிக்கை, குணம் கையால் போகாது, நமக்குத் தெரியும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பாலாடையை உடனே சாய்க்கவில்லை. ஒருவேளை போய்விட்டால்? வாயோடு சேர்ந்து மற்றதும் போய்விட்டால்? மதியம் கையுறைப் பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்தாளே, ‘ஒங்க ஆளுங்க’ என்கிற அந்த நாக்கு, அதுவும் போய்விட்டால்?

குனிந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்காத, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத குரலில் பிள்ளையிடம் சொன்னாள்.

"வாய மட்டும் எடுத்துக்க மக்கா. மத்தத நான் இங்கனயே வச்சு சரி பண்ணிக்கிடுதேன்."

துளி உதட்டில் பட்டது. நாக்கு வெளியே வந்து துழாவியது. மீரா பீவி பைக்குள் அடுக்கியதை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள். பிள்ளை எடை ஏறும் வரைக்கும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வார்டில் விரலை மோந்து பார்க்கிற வேலை குறைந்துவிட்டது. சேனை தொட வேண்டுமா, வாங்க, கையைக் கழுவுங்க, தாய்ப்பாலில் தொடுங்க என்று கனகலட்சுமியே கூப்பிட ஆரம்பித்தாள். மோந்து பார்க்காமல் இருக்கவும் முடியாது அவளால். கழுவிய கையில் சோப்பு வாசம் வருகிறதா என்று மோந்தாள். மூக்கு சிஸ்டர் என்ற பெயர் நிலைத்தது.

ஷாஹின் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த அன்றைக்கு, கனகலட்சுமி உள்ளே மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வரிசையில் சத்தம். புதிதாகச் சேர்ந்த நர்சு ஒருத்தி, "கடையநல்லூர்லேருந்து வந்த ஒங்க ஆளுங்கள்லாம் அந்த ஓரமா நில்லுங்க, அப்புறம் பாக்கலாம்," என்றிருக்கிறாள்.

"ஏன் ஓரமா நிக்கணும்? நாங்கதான முன்னால வந்தோம்? எல்லாருக்கும் ஒரே வரிசைதான?"

பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும் குரல். பிச்சையா கேட்டிலிருந்து ஓடிவந்தார். "சிஸ்டர், ஒங்க சத்தம்னுல்லா நெனச்சு வந்தேன்!"

கனகலட்சுமி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஷாஹின் பானு வரிசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, குரல் நடுங்கினாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இவ்வளவு சத்தத்திலும் அவள் தோளில் கிடந்த பிள்ளை, யாகூப்பைப் போலவே சாந்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்குத்தானவே தொட்டேன்," என்றாள் கனகலட்சுமி. "தாய்க்கு எப்படிவே போச்சு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புதுப்பெண்ணை இரண்டு வார்த்தை கேட்பதற்காக வெளியே போனாள்.